மூன்றாவது தடவை

பாட்டு பிறந்த கதைகளில் நமக்குத் தீராத ருசி உண்டு. கவிஞர் காரில் போய்க்கொண்டிருந்தார், வழியில் ஒரு கிழவி ஏதோ சொன்னாள், அதுவே பல்லவியாகிவிட்டது. தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், அவர் திரும்பி வருவதற்குள் மெட்டுத் தயார். இந்த வார்ப்பில் நூறு கதைகள் வாரப் பத்திரிகைகளில் வந்தாயிற்று, இன்னும் நூறு வரும். அவற்றில் உண்மை எத்தனை வீசம் என்பது என் கவலை இல்லை. எல்லாம் ஒரே கணத்தில் முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் புகார். பாட்டு பிறந்தவுடன் கதை தீர்ந்து போகிறது. பிறகு அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, யார் பெயரில் வரவு வைக்கப்பட்டது, முதலில் பாடியவன் எப்படிச் செத்தான் என்பதெல்லாம் ருசிகரமான விஷயங்கள் இல்லை போலும். நாள் முழுக்க வரவையும் பற்றையும் பார்த்து உட்கார்ந்திருக்கும் வங்கி குமாஸ்தா என்பதாலோ என்னவோ, எனக்கு இந்தப் பிற்பாதியில்தான் அக்கறை.

அப்படிப் பிற்பாதி நீண்டுபோன ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தலைமுறைக்கு அது 1994-ல் வந்த 'லயன் கிங்' படத்தில் ஒரு காட்டுப்பன்றியும் கீரி ஜாதியில் ஒன்றும் போகிற போக்கில் பாடும் சில விநாடிகள். அதற்கு முந்தின தலைமுறைக்கு, நியூயார்க் புரூக்ளின் பகுதி இளைஞர்களான டோக்கன்ஸ் குழுவினர் 1961-ல் பாடி இசைத்தட்டாக வந்த 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. அதற்கும் முன்னால் வீவர்ஸ் என்ற நாட்டுப்பாடல் குழுவின் 'விமொவே'. ஒன்றை உரித்தால் இன்னொன்று. கடைசியில் மிஞ்சுவது 1939-ல் யோஹன்னஸ்பர்க் நகரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஸூலு மொழியில் பதிவான 'ம்பூபே'. சொல்லுக்குச் சிங்கம் என்று பொருள். பாடியவர் ஸாலமன் லிண்டா.

லிண்டா 1909-ல் நேட்டால் பிரதேசத்தில் ம்ஸிங்கா என்ற வறண்ட மேட்டு நிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் மாடு மேய்த்தார். மிஷன் பள்ளியில் தோத்திரப் பாடல்கள் கற்றுக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் பிழைப்புக்காக யோஹன்னஸ்பர்க் வந்து, பிறகு சொந்தமாக ஒரு பாட்டுக் குழு சேர்த்தார். குழுவின் பெயர் ஒரிஜினல் ஈவினிங் பேர்ட்ஸ். கில்பர்ட் மடோண்டோ, பாய் ஸிபியா, கிடியன் ம்கீஸே, ஸாமுவேல் ம்லங்கேனி, ஓவன் ஸிகக்கானே, லிண்டாவோடு சேர்த்து ஆறு பேர். பெயர்களை முழுக்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் தெரியும். கோடு போட்ட சூட்டும் பளபளக்கும் ஷூவுமாக மேடை ஏறுவார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்து ஆண்கள் விடுதிகளில் அடைந்து கிடந்தவர்கள் சனிக்கிழமை இரவுகளில் விடிய விடிய நடத்திய பாட்டுப் போட்டிகள்தான் இவர்களுடைய அரங்கம். ஆதிவாசிகள் நெருப்பைச் சுற்றிப் பாடினார்கள் என்ற சித்திரத்தை மனசிலிருந்து இப்போதே அகற்றிவிடுவது நல்லது. இது நகரத்துக் கலை. கூலி வாங்குகிறவனுடைய கலை.

லிண்டா, காலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்தார். அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடம் ஸஹாராவுக்குத் தெற்கே அன்றைக்கு இருந்த மிகச் சிலவற்றில் ஒன்று. க்ரிஃபித் மொட்ஸியெலோவா என்ற கறுப்பர் அங்கே பதிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தார். அவர் ஏற்பாட்டில்தான் 'ம்பூபே' பதிவாயிற்று. சிறுவர்களாக மாடு மேய்த்த காலத்தில் சிங்கத்தை விரட்டிய ஞாபகம் பாட்டின் கரு. வார்த்தைகள் மிகக் குறைவு. கீழ்ஸ்தாயிக் குரல்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு போகின்றன. மூன்றே மூன்று கார்டுகள், செக்கு மாதிரி, சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மேலே லிண்டாவின் கள்ளக்குரல், பெண்குரலின் உயரத்தில், தனக்குத் தோன்றியதைப் பாடிக்கொண்டு அலைகிறது.

முதல் இரண்டு தடவையும் சரியாக அமையவில்லை. மூன்றாவது தடவை பாடியபோது, பாட்டு முடியப்போகிற இடத்தில், லிண்டா முன்னால் யோசித்து வைக்காத ஒரு பிடியை எடுத்தார். பதினைந்து ஸ்வரம் இருக்கும். ஒரு தடவை வந்து போகிறது. அவ்வளவுதான். அந்தப் பிடிக்குத்தான் 22 வருஷம் கழித்து அமெரிக்காவில் ஆங்கில வார்த்தைகள் போட்டார்கள். உலகம் முணுமுணுத்துக்கொண்டிருப்பது அதைத்தான். மற்றதெல்லாம் அந்தப் பிடியைத் தாங்குகிற மேடை.

பத்து ஷில்லிங்குக்கு அந்தப் பாட்டின் மொத்த உரிமையும் கம்பெனிக்குப் போயிற்று. ராயல்டி என்ற பேச்சே கிடையாது. கறுப்புப் பாடகர்களுக்கு அன்று அது வழக்கமும் இல்லை. 1940-களின் முடிவுக்குள் ஒரு லட்சம் தட்டு விற்றதாகச் சொல்கிறார்கள். லிண்டா ஆப்பிரிக்கர் குடியிருப்புகளில் பெரிய ஆளாகிவிட்டார். அவர் பாணியில் பாடுவதற்கே 'ம்பூபே' என்று பெயர் வந்தது. ஒரு பாட்டின் பெயர் ஒரு கலை வடிவத்தின் பெயராக மாறுவது எந்த மொழியிலும் அடிக்கடி நடப்பதில்லை. 1986-ல் பால் ஸைமனின் 'கிரேஸ்லேண்ட்' மூலம் உலகத்துக்கு அறிமுகமான லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ அந்தக் கிளையில் பின்னால் பூத்ததுதான்.

கதையின் அடுத்த பாத்திரம் நல்லவர். இந்த விவகாரத்தை எழுதத் தகுந்ததாக ஆக்குவதே அதுதான். ஆலன் லோமாக்ஸ், நாட்டுப் பாடல்களைச் சேகரிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர், அமெரிக்காவில் ஒரு கம்பெனி குப்பையில் போட இருந்த ஆப்பிரிக்கத் தட்டுகளை வாங்கி வந்து தன் நண்பர் பீட் ஸீகரிடம் கொடுத்தார். ஸீகர் இடதுசாரி, தொழிற்சங்க மேடைகளில் பாடியவர், பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்து வழக்கைச் சந்தித்தவர். அவர் 'ம்பூபே'யைக் கேட்டு மயங்கிப்போய் குறிப்பெடுத்தார். கீழ்க் குரல்கள் சொன்ன 'உயிம்பூபே' அவர் காதில் 'விமொவே' என்று விழுந்தது. அவருடைய வீவர்ஸ் குழு அதைப் பதிவு செய்து, 1952-ல் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதே வருஷம் ஒரு போலீஸ் உளவாளி சாட்சி சொன்னதில் வீவர்ஸ் கறுப்புப் பட்டியலுக்குப் போனார்கள்; ரேடியோவும் மேடையும் அவர்களுக்கு மூடிக்கொண்டன. சாட்சி சொன்ன ஹார்வி மட்டூஸோ பிறகு, தான் சொன்னது பொய் என்று புஸ்தகமே எழுதினான். அது வேறு கதை.

இந்தக் காதுப் பிழையைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. தப்பாகக் கேட்பதும் ஒரு வகையான சிருஷ்டிதான். கவிதை மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருக்கும் நம் நண்பர்களுக்கு இது தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பாட்டுக்கு ஸீகர் நம்பிய ஒரு பின்கதை இருந்தது: சிங்கம் என்பது ஸூலு அரசன் ஷாகா, அவன் சாகவில்லை, தூங்குகிறான், ஒருநாள் எழுவான். அழகான கதை. மாடு மேய்த்த பையன்கள் விரட்டிய அசல் சிங்கத்தைவிட இது கம்பீரமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதைக்குள் ஸாலமன் லிண்டா என்ற தனி மனிதனுக்கு இடம் கிடையாது. ஒரு இனம் தன் அரசனை நினைத்துப் பாடுகிறது. பாடுகிறவன் வெறும் தொண்டை. லிண்டாவை இருட்டில் தள்ளியது பேராசை மட்டும் இல்லை, இந்த மரியாதையும்தான்.

'விமொவே' தட்டில் ஆசிரியர் என்று போட்டிருந்த பெயர் பால் காம்ப்பெல். இப்படி ஓர் ஆள் உலகத்தில் இருந்ததில்லை. பழைய, ஆசிரியர் தெரியாத பாடல்களைத் திருத்திப் பாடும்போது உரிமைத்தொகை வாங்குவதற்காக வீவர்ஸும் அவர்களுடைய பதிப்பாளர் ஹவி ரிச்மண்டும் வைத்திருந்த கூட்டுப் புனைபெயர் அது. புனைபெயர் நமக்குப் புதிதல்ல. இந்தப் பக்கங்களிலேயே ஒரே ஆள் மூன்று பெயரில் எழுதியதுண்டு. ஆனால் இல்லாத ஓர் ஆசிரியனுக்குப் பணம் சேர, யோஹன்னஸ்பர்கில் உயிரோடு தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஆசிரியன் 'மரபு' ஆகிப்போனான். இதைப் போர்ஹெஸ் எழுதியிருந்தால் கற்பனை என்று ரசித்திருப்போம். இங்கே ஒரு குடும்பம் பட்டினி கிடந்தது.

ஸீகர் விஷயம் தெரிந்ததும் லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பினார். ராயல்டியும் போக வேண்டும் என்று பதிப்பாளரிடம் சொன்னார், போகிறது என்றே நினைத்துக்கொண்டார். நல்லவர்கள் கணக்கைத் திரும்பப் பார்ப்பதில்லை. காலோ கம்பெனியும் ரிச்மண்டும் தங்களுக்குள் நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்: அமெரிக்க உரிமை அங்கே, தென்னாப்பிரிக்காவும் அக்கம்பக்கமும் இங்கே. இதே வீவர்ஸ் 1950-ல் பாடிப் பெரும்புகழ் பெற்ற 'ஐரீன்' பாட்டின் லெட்பெல்லி, அந்தப் புகழ் வருவதற்குச் சில மாதம் முன்னால், 1949 டிசம்பரில், இறந்து போயிருந்தார். அந்தப் பாட்டின் ஆசிரியராக அவர் பெயருக்குப் பக்கத்தில், அதைச் சேகரித்த ஜான் லோமாக்ஸின் பெயரும் இருந்தது. சேகரித்தவர் ஆசிரியராக, ஆசிரியர் சேகரிக்கப்பட்ட பொருளாக ஆவது ஓர் ஆளின் தவறு இல்லை, ஒரு முறை.

1961-ல் டோக்கன்ஸ் இளைஞர்கள் ஆர்.ஸி.ஏ. கம்பெனியில் 'விமொவே'யைப் பாடிக் காட்டினார்கள். தயாரிப்பாளர்கள் ஹ்யூகோ பெரெட்டி, லூயிஜி க்ரியேட்டோர். ஆங்கில வார்த்தை வேண்டும் என்று ஜார்ஜ் டேவிட் வைஸை அழைத்தார்கள். வைஸ் எழுதியது குழந்தைப் பாட்டு: காடு, கிராமம், அமைதி, தூங்கும் சிங்கம். விரட்டப்பட்ட சிங்கம் தாலாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று நிமிஷத் தட்டில், ஒரே தடவை வந்து மறையும் அந்தப் பதினைந்து ஸ்வரங்களே பாட்டின் உயிர் என்று கண்டுகொண்டு அதைத் தூக்கி நடுவில் வைத்தவர் வைஸ்தான். ஸீகர்கூட அதை ஓர் அலங்காரமாகத்தான் விட்டிருந்தார். வைஸுக்கு நல்ல காது. வார்த்தைதான் சுமார். இன்னொரு பாட்டுக்குப் பின்பக்கமாக வந்த அந்தத் தட்டை ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். எழுதியவர்கள் என்று வைஸ், பெரெட்டி, க்ரியேட்டோர் பெயர்கள் போயின. 'மரபு' என்று ஏற்கெனவே பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்த பொருளை எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு என்ன கூச்சம் இருந்திருக்க முடியும்?

அந்தப் பாட்டு அமெரிக்காவை ஆட்டிப்படைத்த சில மாதங்களுக்குப் பிறகு, 1962 அக்டோபர் 8 அன்று லிண்டா சிறுநீரகம் கெட்டு இறந்தார். அவர் கையிருப்பு 25 டாலருக்கும் குறைவு என்று எழுதப்பட்டிருக்கிறது. குழந்தைகளில் ஒன்று சத்துக் குறைவால் முன்னமே செத்திருந்தது. கல்லறைக்குக் கல் வைக்க மனைவி ரெஜினாவுக்கு 18 வருஷம் ஆயிற்று. பிற்பாடு நீட்டப்பட்ட காகிதங்களிலும் ரெஜினாவும், அவருக்குப் பின் மகள்களும் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பது என் அன்றாட வேலை. அந்தக் குறிக்கு மேலே இருப்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுகிறவர் மாதம் ஒருவர் வந்தால் அதிகம். ஒப்பந்தம் சட்டப்படி சரியா என்ற கேள்வியை வக்கீல்கள் அலசட்டும். பெருக்கல் குறியைத் தாண்டி அங்கே யாருடைய கண் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2000-ல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரயன் மலான் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் இந்தக் கதையை முழுக்க எழுதினார். பாட்டு ஈட்டியிருக்கக்கூடிய தொகை என்று அவர் போட்ட கணக்கு 1.5 கோடி டாலர். அதன் பிறகு வக்கீல் ஓவன் டீன் கண்டெடுத்தது ஒரு பழைய சட்டம்: 1911-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியன் உயிரோடிருக்கும்போது தன் உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், அவன் இறந்து 25 வருஷம் ஆனதும் அது வாரிசுகளிடம் திரும்பிவிடும் என்று அதில் ஒரு ஷரத்து. டிக்கன்ஸ் பெயரால் அதைக் குறிப்பிடுவார்கள். ஆங்கில இலக்கியம் படித்தும் பட்டப்படிப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தராத டிக்கன்ஸ் இது. அந்தக் கணக்கில் 1987-லேயே உரிமை லிண்டா குடும்பத்துக்குத் திரும்பிவிட்டது. 'லயன் கிங்' வந்தது 1994-ல். 2004-ல் டிஸ்னி மீது வழக்கு. அந்தக் கம்பெனி தென்னாப்பிரிக்காவில் பதிந்து வைத்திருந்த 200-க்கு மேற்பட்ட வர்த்தகச் சின்னங்களை, மிக்கி மவுஸ் உட்பட, நீதிமன்றத்தின் பிடியில் கொண்டுவந்தார் டீன். 2006 பிப்ரவரியில் சமரசம்: பாட்டு 'ம்பூபே'யிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள், லிண்டா சக ஆசிரியர் ஆனார், குடும்பத்துக்குப் பணம். கறுப்பனை ஆண்ட சாம்ராஜ்யத்தின் சட்டப் புத்தகத்திலிருந்துதான் இந்த நியாயமும் வந்தது. அதே 1911 சட்டம் 1914-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் இந்தியாவிலும் அமலில் இருந்தது. 1957-ல் நமக்கென்று ஒன்று இயற்றிக்கொள்ளும்வரை அதுதான். அந்த வருஷங்களில் நாவலைக் கைமாற்றுக்கு விற்பதுபோல மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தமிழ் எழுத்தாளர்களின் வாரிசுகள் இந்த ஷரத்தைக் கேள்விப்பட்டிருப்பார்களா?

வில்லன்களை அடையாளம் காட்டுவது என் நோக்கமில்லை. கம்பெனிகள் கம்பெனிகளாகத்தான் நடந்துகொண்டன. எனக்கு நம் ஆட்களிடம்தான் வழக்கு, அதாவது ரசிகர்களிடம், விமர்சகர்களிடம். நாட்டுப் பாடலுக்கு ஆசிரியன் இல்லை, அது மக்களின் குரல் என்று சொல்லும்போது நம் முகத்தில் ஒரு பரவசம் வருகிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் 1960-களில் பாரிஸில் எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்லும்போதும் அதே பரவசம். பார்த் கொன்றது, நூற்றாண்டுகளாகச் சிம்மாசனத்தில் இருந்த ஆசிரியனை. லிண்டாவுக்கு உட்கார ஒரு முக்காலியே இல்லை. ஆசிரியனாகப் பிறப்பதற்கு முன்பே ஒருவனை இறந்தவன் என்று அறிவிப்பது வேறு காரியம். நம்மிடமும் நாட்டுப் பாடல் தொகுப்புகள் நிறைய வந்திருக்கின்றன. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். ஏற்றம் இறைத்துக்கொண்டு பாடியவன், நடவு வயலில் பாடியவள், பெரும்பாலும் மாவட்டப் பெயராகச் சுருங்கியிருப்பார்கள்.

மறுப்பு வரும் என்று தெரியும். 'ம்பூபே' வானத்திலிருந்து விழவில்லை. ஆர்ஃபியஸ் மெக்அடூவின் அமெரிக்கக் கறுப்பர் குழு 1890-களில் தென்னாப்பிரிக்கா முழுவதும் சுற்றிப் பாடிவிட்டுப் போனது. அந்தக் கூட்டுக் குரல் முறை, மிஷன் தோத்திரங்கள், ஸூலு கல்யாணப் பாட்டுகள் எல்லாம் அதற்குள் கரைந்திருக்கின்றன. அமெரிக்காவுக்குப் போன பாட்டு ஒரு வகையில் அமெரிக்காவிலிருந்தே வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதத்தை டி.எஸ். எலியட்டிடம் யாரும் கொண்டுபோய், உமது கவிதை முழுக்க மரபு, ஆகவே உரிமைத்தொகை இல்லை என்று சொல்லவில்லை. மரபு அவருக்குக் கௌரவம். லிண்டாவுக்கு அதுவே பறிமுதல் உத்தரவு. ஒரே சொல் இரண்டு ஆட்களிடம் இரண்டு வேலை செய்கிறது. விமர்சகன் சொற்களைப் பிழைப்பாகக் கொண்டவன் என்றால், அவன் பார்க்க வேண்டியது இதை.

மூன்றாவது தடவையில் நடந்தது மரபு இல்லை. மரபில் அந்தப் பிடி அதற்கு முந்தின நிமிஷம்வரை இல்லை. முதல் இரண்டு தடவையிலும் இல்லை. ஐந்து பேர் கீழே தங்கள் வட்டத்தை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, தட்டில் இடம் முடியப்போகிற சமயத்தில், ஒருவர் மேலே ஏறி இதுவரை யாரும் போகாத ஒரு வழியில் இறங்கி வந்தார். பழைய 1939 பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அந்த இடத்துக்காகக் காத்திருந்து கேட்க வேண்டும். வந்த சுவடு தெரியாமல் போய்விடும். உடனே கீழ்க் குரல்கள் மறுபடி மூடிக்கொள்ளும், பதிவு முடிந்துவிடும்.